செல்ப் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

மகள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷத்தில் எப்போதோ என் பழைய பிக்கப் வண்டியை ஸ்டார்ட் செய்கிற செல்ப் மோட்டார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜினுக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி, இன்ஜின் சுற்றாது. வேறு சமயமாக இருந்தால் அன்றைக்கே கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடியிருப்பேன். அப்போது அப்படித் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்ததும் வண்டியை வாய்க்கால் கரைமேல் ஏற்றி, முன்பக்கம் சரிவைப் பார்த்திருக்கும்படி நிறுத்திவிடுவேன். காலையில் பிரேக்கை விட்டால் தானாக உருளும். இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். போகிற இடத்தில் அணைக்காமல் அப்படியே ஓடவிட்டு நிற்பேன். வாழைத்தார் ஏற்றினாலும் சரி, கோழிப்பண்ணைக்குத் தீவன மூட்டை இறக்கினாலும் சரி, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். "ஏனுங்க, டீசல் வீணாப் போகுதில்ல" என்பார்கள். ஆமாங்க என்பேன். அடுத்த நாளும் அதையே செய்வேன்.

எங்கள் ஊர் ஜேடர்பாளையத்தை ஒட்டியது. சுற்றிலும் வாழையும் தென்னையும்தான். சமமான தரை. ஏதோ வாய்க்கால் கரை ஒன்று உயரமாக இருந்ததால் என் பிழைப்பு ஓடியது.

ஒரு நாள் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அணைக்கட்டுப் பாலத்துப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். குறுக்கே ஆடு ஓடியது. பிரேக்கை மிதித்தவன் கிளட்சை மிதிக்க மறந்துவிட்டேன். வண்டி அணைந்து நின்றது. சாவியைத் திருப்பினேன். டக். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். என்ன செய்வது என்று யோசித்தேனா, இல்லை எதுவுமே யோசிக்கவில்லையா, தெரியவில்லை. மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்கம் போனாள். மீன் வாங்க வந்திருந்த இரண்டு பேர் அவளோடு சேர்ந்து தள்ளினார்கள். வண்டி பிடித்தது. அவள் ஏறி உட்கார்ந்து, கரியாகிப்போன இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் செல்பைக் கழற்றிக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே காயில் கம்பி கருகியிருக்கிறது, இதைக் கட்டுவதைவிட வேறு ஒன்று போடுவது மேல் என்றார். புதுப்பித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம் நானே வண்டிக்கடியில் படுத்து அதை மாட்டினேன். இரண்டு போல்ட்டு, ஒரு தடித்த வயர், ஒரு மெல்லிய வயர். பெரிய வேலை இல்லை. மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

டக்.

பழைய செல்பு போட்ட அதே சத்தம். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். வண்டி களத்தில், சமதரையில் நின்றது. இனி அதை வாய்க்கால் கரைக்கு ஏற்றுவதற்கும் நாலு பேர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை சேலம் அம்மாபேட்டைக்காரர். அவர் அப்பா இருந்தவரை வீட்டில் தறி ஓடியது. இப்போது அண்ணன் ஜவுளி வியாபாரம் செய்கிறார். இவருக்கு அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அதே கட்டடத்தின் மாடியில் இருந்த ஆபீஸில் என் மகள் வேலை பார்த்தாள். பழகினார்கள். வேறு வேறு சாதி என்று இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு முறைப்படி கல்யாணம் செய்துவைத்தோம். குழந்தை உண்டாகவில்லை. அதற்குள் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிட்டது. அவளுடைய ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தவர் அவர்தான். அணுக்கள் குறைந்துகொண்டு போவதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் பார்த்தவரும் அவர்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வரவில்லை.

அதற்குப் பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். சேலத்திலிருந்து பைக்கில் வருவார். மோட்டார் ரூமில் பீஸ் போயிருந்தால் போட்டுக் கொடுப்பார். தேங்காய் உரிப்பார். சாப்பிடுவார். வெயில் தணிந்ததும் "வரேங்க மாமா, வரேங்க அத்தை" என்று கிளம்பிவிடுவார். இதற்கு நடுவில் பேச்சு என்று எதுவும் இருக்காது. எங்கள் ஒறம்பரையில், சொந்தக்காரர்களில் சிலர், "அவரு இன்னும் எதுக்குங்க வந்துட்டிருக்காரு?" என்று கேட்டார்கள். வரவேண்டாம் என்று சொல்லவும் தோன்றவில்லை, வந்தால் நல்லது என்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வருவார். அவ்வளவுதான்.

பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே வண்டியைப் பார்த்தார்.

"ஏன் மாமா, வண்டி இங்க நிக்குது?"

"நேத்து வேற செல்ப் மாட்டுனனுங்க மாப்பிள்ளை."

"ஓடுதுங்களா?"

"இல்லீங்க. பழையபடி டக்குனு ஒரே சத்தந்தான்."

அவர் சட்டையைக் கழற்றிப் பைக்மேல் போட்டுவிட்டு பனியனோடு வந்தார். அவருக்கும் வண்டி வேலை தெரியாது, எனக்கும் ஓட்டத் தெரிந்த அளவு பிரிக்கத் தெரியாது. ஆனால் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரியைப் பார்த்தோம். முனைகளில் பூத்திருந்த வெள்ளையைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினோம். திருப்பினேன். டக். அவர் முன்னால் போய் நின்று, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுத் திருப்பச் சொன்னார். பேட்டரியில் சக்தி இல்லை என்றால் அந்த நேரத்தில் லைட் மங்கும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தாராம். திருப்பினேன்.

"மங்கலைங்க மாமா. அப்படியே எரியுது."

"அப்பப் பேட்டரி இல்லீங்க."

"இல்லீங்க."

அப்போதே அதில் விஷயம் இருந்தது. மோட்டார் தனக்கு வேண்டிய மின்சாரத்தை இழுக்கவில்லை, அதனால்தான் லைட் மங்கவில்லை என்று இப்போது எழுதும்போது புரிகிறது. அன்று பேட்டரி நல்லது என்று மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அடுத்து நான் சாக்கை விரித்து வண்டிக்கடியில் போனேன். சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். மாப்பிள்ளை சீட்டில் ஏறிக்கொண்டார். என்னிடம் ஒரு டெஸ்ட் பல்பு இருந்தது. அதன் ஒரு முனையை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் கவ்வவிட்டு, இன்னொரு முனையைச் செல்பில் வந்து சேரும் தடித்த வயரில் வைத்தேன். எரிந்தது. சாவியைத் திருப்பும்போது மெல்லிய வயருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு கையை மேலே நீட்டிக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இன்ஜினின் அடிப்பக்கமும், எண்ணெய் கலந்த புழுதியும்தான். அவர் முகம் தெரியாது. அவருக்கு என் கால்கூடத் தெரிந்திருக்காது.

"மாமா."

"சொல்லுங்க."

"எங்க வீட்ல எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்க."

நான் பல்பின் முனையை மெல்லிய வயரில் வைத்தேன். வழுக்கியது. மறுபடியும் வைத்தேன்.

"நியூட்ரல்லதானுங்களே இருக்குது?"

"ஆமாங்க மாமா."

"திருப்புங்க."

டக். பல்பு எரிந்தது.

"இன்னொருக்கா."

டக். எரிந்தது.

"கரண்ட் வருதுங்க மாப்பிள்ளை. செல்புலதான் கோளாறு. கழட்டிப் பாத்தர்லாம்."

"சரிங்க மாமா" என்றார். இறங்கிவந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை என்பதும் தெரியும். பதில் சொல்லக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. அந்த வார்த்தைகள் எனக்கு எங்கேயோ தூரத்தில் யாரோ யாருக்கோ சொன்னவை மாதிரி இருந்தன. கையிலிருந்த போல்ட் அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

செல்பைக் கழற்றி வெளியே கொண்டுவந்தோம். பெரிய கனம். பேட்டரியையும் கழற்றி மரத்தடியில் வைத்தோம். மோட்டார் ரூமில் வெல்டிங் வேலைக்கென்று வாங்கிப்போட்டிருந்த தடித்த கேபிள் கிடந்தது. அதில் இரண்டு துண்டை எடுத்து, பேட்டரியின் ஒரு முனையைச் செல்பின் உடம்பில் பிடித்து, இன்னொன்றை அதன் செம்பு முனையில் தொட்டார் மாப்பிள்ளை. நான் செல்பைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். உறுமிக்கொண்டு சுற்றியது. என் காலுக்கடியிலிருந்து திமிறி, இலைச்சருகெல்லாம் பறந்தது. இரண்டு பேரும் பின்வாங்கினோம்.

"நல்லாத்தான் இருக்குதுங்க மாமா."

"ஆமாங்க."

வெளியே சுற்றுகிறது, உள்ளே மாட்டினால் சுற்றுவதில்லை. மறுபடியும் மாட்டினோம். மறுபடியும் டக். ஸ்குரூ டிரைவரை வைத்து செல்பின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்துப் பார்த்தேன். சின்னதாக ஒரு பொறி வந்தது. மோட்டார் அசையவில்லை.

மனைவி வாசலில் வந்து நின்று, "சோறு ஆறுதுங்க. வந்து சாப்புட்டுட்டுப் பாருங்க" என்றாள்.

தொட்டியில் கை கழுவினோம். கிரீஸ் போகவில்லை. மாப்பிள்ளை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டுக்குப் போனேன். அவள் தட்டைப்பயறுக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்திருக்கறாங்களாமா" என்றேன்.

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"அவங்கம்மாதான் போன் பண்ணிக் கேட்டாங்க. பாக்கட்டுங்களா, உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லீங்களேன்னு. பாருங்கன்னு நாந்தான் சொன்னேன். போட்டோகூட அனுப்பிச்சாங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை.

"சொன்னனுங்க. வாழைக்கு மருந்தடிச்சுட்டு வந்து இங்கதான் உக்காந்திருந்தீங்க. சொன்னேன். சரின்னீங்க."

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். மருந்தடித்தது நினைவிருந்தது. டேங்கின் வார் தோளில் அழுத்தியிருந்தது, பக்கத்துக் காட்டுக்காரர் நாய் வரப்பில் படுத்திருந்தது, எல்லாம் இருந்தது. அவள் சொன்னது இல்லை. நான் சரி என்றது இல்லை. போட்டோவைக் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினேன் என்றாள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேனாம்.

இலை போட்டிருந்தாள். சாப்பிட்டோம். அந்த வருஷம் முழுக்க நான் சோற்றை அளவு பார்த்துச் சாப்பிடவில்லை. வைத்ததைச் சாப்பிடுவேன், வைக்காவிட்டால் எழுந்துவிடுவேன். மாப்பிள்ளை குனிந்தபடியே சாப்பிட்டார். பாதியில், "அத்தை, மாமாகிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

"சரிங்க சாமி. இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க" என்றாள்.

"அந்தப் பொண்ணு ஒண்ணு கேக்குதுங்க அத்தை. கல்யாணத்துக்கு முன்னால ஒருதரம் இங்க வந்துட்டுப் போகட்டுமான்னு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான்தான் பேச வேண்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"இங்க வந்து பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றேன். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

"தெரியலைங்க மாமா. கேட்டுது. நான் கேட்டுச் சொல்றேன்னேன்."

"அத்தைகிட்டக் கேட்டுக்கங்க" என்று எழுந்துவிட்டேன்.

கை கழுவிவிட்டு நேராக வண்டிக்குப் போனேன். பின்னால் மனைவி, "வரச்சொல்லுங்க. வந்து ஒருவாய் சாப்புட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்வது கேட்டது.

மத்தியான வெயிலில் வண்டியின் தகரம் தொட முடியாமல் சுட்டது. பானட்டைத் தூக்கிவிட்டு இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வந்து சீட்டில் ஏறினார். எதற்கென்று சொல்லாமலே, "திருப்புங்க" என்றேன். டக். "விடாம கொஞ்சநேரம் புடிங்க" என்றேன். அவர் சாவியைத் திருப்பியபடியே பிடித்திருந்தார். எனக்கு ரப்பர் சுடுகிற மாதிரி வாசம் வந்தது.

எங்கிருந்து என்று தெரியாமல் கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் கேபிளில் கை பட்டபோது சுட்டது. மிதிக்கிற பெடலிலிருந்து இன்ஜினுக்கு வருகிற கம்பி அது. அதில் மின்சாரத்துக்கு வேலையே கிடையாது. வெயிலில் காய்ந்ததோ என்று பக்கத்தில் இருந்த குழாயைத் தொட்டேன். அது இந்தளவு சுடவில்லை. கையை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் விரல் எரிந்தது.

"மாப்பிள்ளை, இங்க வந்து இதைத் தொட்டுப் பாருங்க."

அவர் இறங்கி வந்து தொட்டார். சட்டென்று கையை உதறிக்கொண்டார்.

"இது ஏங்க மாமா சுடுது?"

"அதான் தெரியலைங்க."

இருவரும் அந்தக் கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு முனை வண்டி உடம்பில், ஒரு முனை இன்ஜினில். அவர்தான் மெதுவாகச் சொன்னார்: "பேட்டரில இருந்து போன கரண்ட் திரும்பி வரோணுமில்லீங்களா. வர்றதுக்கு வழி இல்லாம இதுல வருதோ என்னமோ."

அவர் சொன்னதும் எனக்கு எர்த் வயர் நினைவுக்கு வந்தது. இன்ஜின் ரப்பர் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பின்னிய செம்புப் பட்டை போகும். மின்சாரம் திரும்பிப் போகிற பாதை அது. காலையில் டெஸ்ட் பல்பைச் சேசிஸில் கவ்வவிட்டிருந்தேன். இன்ஜினில் கவ்வவிட்டிருந்தால் அப்போதே பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

கீழே போய்ப் பார்த்தேன். பட்டை இருந்தது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இழுத்துப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. வெளியே வந்து, வெல்டிங் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கட்டினேன். இன்னொரு முனையை இன்ஜினில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"திருப்புங்க."

அடுத்த நொடி இன்ஜின் சுற்றிப் பிடித்துவிட்டது. பின்பக்கம் கரும்புகை கக்கியது. களத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கலைந்து ஓடின. மாப்பிள்ளை சீட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சிரிக்கப் போகிறவர் மாதிரி இருந்தது, சிரிக்கவில்லை. நானும் கேபிளைப் பிடித்தபடி நின்றேன். மனைவி வந்து, "ஓடுதுங்களா?" என்று கேட்டாள். "ஓடுது" என்றேன்.

அந்தப் பட்டையைக் கழற்றி எடுத்தேன். போல்ட் உட்கார்ந்திருந்த வளையத்துக்கு அடியில் எல்லாம் துரு. மேலே இருந்த உறையை அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அடுத்த நாள் புதுப் பட்டை வாங்கிப் போட்டேன். பழைய செல்ப் உண்மையிலேயே கருகித்தான் போயிருந்ததா, இல்லை எல்லாமே இந்தப் பட்டையால் வந்ததுதானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைக்காரரிடம் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கிளம்பும்போது பைக் வரை போனேன். வழக்கமாகப் போகமாட்டேன்.

"கல்யாணம் எப்பங்க வெச்சிருக்கறாங்க?" என்று கேட்டேன்.

"ஆவணிலங்க மாமா."

"சரிங்க."

"நீங்களும் அத்தையும் வரோணும்."

"பாக்கலாமுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு ஞாயிறு கழித்து அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். துணைக்கு அவருடைய அண்ணியும் வந்திருந்தார். பெண் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். மாநிறம், கண்ணாடி போட்டிருந்தாள். வந்ததும் மனைவியின் காலைத் தொட்டாள். சுவரில் மாட்டியிருந்த என் மகளின் படத்துக்கு எதிரில் போய் நின்றாள்.

"ஒசரமா இருப்பாங்களாங்க?" என்று கேட்டாள்.

"என்னைவிட இத்தனை ஒசரம்" என்று மனைவி கையால் காட்டினாள். காட்டிய கையைக் கீழே இறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு அந்தப் பெண் சமையல்கட்டுக்குப் போய் வெங்காயம் உரித்தாள். மாப்பிள்ளை தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டார். நான் களத்தில் வண்டியின் ஒரு லைட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் தானாகவே வந்து கொஞ்ச தூரத்தில் நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அவரு இங்க வந்தா என்ன பேசுவாருங்க?"

நான் ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்தேன். யோசித்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேசியது என்று எடுத்துச் சொல்ல எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

"ஒண்ணும் பேசமாட்டாருங்க."

"ஒண்ணுமேங்களா?"

"வருவாரு. ஏதாச்சும் வேலை இருந்தாப் பண்ணுவாரு. சாப்புடுவாரு. போயிருவாரு."

அவள் ஒரு மாதிரி ஏமாந்துபோனவள் போலத் தெரிந்தாள். "அங்கயும் அப்படித்தாங்க. போன் பண்ணினா நான்தான் பேசறேன். ஞாயித்துக்கிழமை தவறாம இங்க வர்றாருன்னாங்க. சரி, இங்கயாச்சும் பேசுவாரு போலன்னு நெனச்சேன். என்ன பேசுவாருன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாக இல்லை. மூக்கு வழியாக வந்த காற்று மாதிரி ஒன்று. அவளும் லேசாகச் சிரித்தாள். "நாங்களும் அவருகிட்ட ஒண்ணும் பேசறதில்லீங்க" என்றேன். பிறகு லைட்டை மாட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆவணியில் போனோம். விடிவதற்கு முன்பே கிளம்பி, எங்கள் பக்கத்து வேலூரைத் தாண்டி, நாமக்கல், ராசிபுரம் வழியாகப் பிக்கப்பிலேயே போனோம். மனைவி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பின்னால் அவள் சொன்னபடி இரண்டு வாழைத்தார் ஏற்றியிருந்தேன். அம்மாபேட்டையில் சந்து சந்தாக மண்டபத்தைத் தேடிப் போய்ச் சேரும்போது தாலி கட்டுகிற நேரம் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா எங்களைக் கண்டதும் வேகமாக வந்து மனைவியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நான் பின்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், பெண்ணுக்குத் தாய்மாமன் முறையாம். பேச்சுக் கொடுத்தார். வண்டி எங்கே நிறுத்தினீர்கள், உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்டுவிட்டு, "நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணுமுங்க?" என்றார்.

சித்தப்பா இல்லை, தாய்மாமன் இல்லை. மாமனார் என்று சொன்னால், இந்தப் பெரியவருடைய மச்சான்தான் மேடையில் மாமனாராக நிற்கிறார். அவர் காத்துக்கொண்டிருந்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. அந்தச் சத்தத்தில் அவர் கேள்வியை மறந்திருப்பார் என்று நினைத்தேன். மேளம் தணிந்ததும் மறுபடியும் என் பக்கம் குனிந்தார்.

"முன்ன கட்டுன பொண்ணோட அப்பனுங்க" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கையில் இரண்டு காபி டம்ளரோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பந்தி போடும்வரை அவர் வேறு இடத்துக்குப் போகவில்லை.

மேடையில் போட்டோவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நின்றோம். மாப்பிள்ளை மாலையோடு என் காலில் விழக் குனிந்தார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அழுகை வரும் என்று பயந்துகொண்டே போயிருந்தேன். வரவில்லை. பூவின் ஈரம் கையில் பட்டது, லைட் கண்ணில் அடித்தது. கீழே இறங்கினோம். பந்தியில் உட்கார்ந்தேன், ஒன்றும் இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது மனைவி ராசிபுரம் வரும்வரை தூங்கினாள். அங்கே ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று கண்ணைத் திறந்து கேட்டாள்.

"பசிக்குது" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். தேங்காய் பன்னும் டீயும் வாங்கினோம். நான் இரண்டாவது பன் கேட்டபோது அவளே போய் வாங்கி வந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சேலம் பக்கத்திலிருந்து போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை போகும்வரை பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

மாப்பிள்ளை இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறார். சில சமயம் அந்தப் பெண்ணும் கூட வருகிறாள். அவள் வந்தால் சமையல்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள் போலிருக்கிறது. நானும் அவரும் களத்தில் உட்கார்ந்து தேங்காய் உரிப்போம். எங்களுக்குள் பேச்சு அப்படியேதான் இருக்கிறது. போன தடவை மட்டும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, அவளுக்கு மழைன்னா பயம் இல்லீங்களா, சின்ன வயசுல இருந்தேங்களா அது?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மகளின் பெயரைச் சொல்லி, "மழைக்கு இல்லீங்க, இடிக்குத்தான்" என்றேன். வீட்டில் அந்தப் பெயரை நான் சொல்லிக் கேட்டு ரொம்ப காலமாகியிருந்தது. சமையல்கட்டில் பேச்சு நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடியும் தொடர்ந்தது. அவர் அடுத்த தேங்காயை எடுத்தார்.